மீண்டும் வந்த இரயில்

அக்டோபர் மாதத்தின் கடைசி வாரம். பொழுது இன்னும் விடியவில்லை. அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில், புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் மடியில் அமைந்த ரோனோக் நகரின் இரயில் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். குளிர் எலும்பைத் துளைத்தது. நம் பங்கிலிருந்து சென்று அங்கே குடியேறிய குடும்பத்தார் ஒருவரின் இல்லத்தில் நான்கு நாள் தங்கிவிட்டு, வாஷிங்டனுக்குப் புறப்படும் நேரம் அது.

“சாமி, உள்ளே காரிலேயே உட்காருங்கள். வண்டி வந்ததும் இறங்கலாம்” என்றார் அவ்வீட்டுத் தலைவர். எனக்கு மனம் வரவில்லை. மேடையில் நிற்பவர்களைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பெரிய பைகளைச் சுமந்த கல்லூரி மாணவர்கள், கைத்தடி ஊன்றிய முதியவர் ஒருவர், உறங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்த தாய் ஒருத்தி. நம் நாட்டில் எந்த நிலையத்திலும் காணும் காட்சிதான். ஆனால் இந்த ஊரில் இக்காட்சியைக் காண மக்கள் 38 ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதை முந்தின நாள்தான் அறிந்திருந்தேன். அந்தக் கதையையே வாசகர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

இருப்புப்பாதை பெற்ற பிள்ளை

இவ்வூரின் பழைய பெயர் பிக் லிக். ‘பெரிய நக்குமிடம்’ என்பது அதன் பொருள். இங்கிருந்த உவர்நிலத்தில் உப்பை நக்கிச் சுவைக்கக் காட்டு விலங்குகள் கூட்டமாக வருமாம். அதனால் வந்த பெயர். 1880-இல் எடுத்த குடிக்கணக்கின்படி இங்கே வாழ்ந்தவர்கள் 669 பேர். ஷெனன்டோவா பள்ளத்தாக்கு வழியாக வந்த இருப்புப்பாதை 1882-இல் இங்கே நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் பாதையோடு இணைந்தது. அதே ஆண்டில் ஊர் ரோனோக் என்று பெயர் மாறிற்று. இரயில் கம்பெனி தன் தலைமையகத்தை இங்கே அமைத்தது. எஞ்சின்கள் கட்டும் பெரும் பணிமனையும் எழுந்தது. 1890-இல் மக்கள் தொகை பதினாறாயிரத்தைத் தாண்டிவிட்டது. “மாய நகரம்” என்று அந்நாளில் இதனை அழைத்ததில் வியப்பில்லை.

நம் குடும்பங்கள் அறிந்து மகிழத்தக்க ஒரு செய்தியும் இதில் உண்டு. இரயில் வேலைக்காக வந்தவர்களுள் கத்தோலிக்கர் பலர் இருந்தனர். அவர்களுக்கு ஆலயம் இல்லை. 1882-இல், அருகிலுள்ள லிஞ்ச்பர்க் நகரிலிருந்து லிஞ்ச் என்னும் குருவானவர் வந்து, பயணிகள் செல்லும் இரயில் பெட்டி ஒன்றிலே இவ்வூரின் முதல் திருப்பலியை நிறைவேற்றினார். அந்தச் சிறு கூட்டம் வளர்ந்து, குன்றின்மேல் இரட்டைக் கோபுரங்களோடு புனித அந்திரேயா ஆலயத்தை எழுப்பிற்று. 1902-இல் அது அர்ச்சிக்கப்பட்டது. 2023-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதனைப் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார். இரயில் பெட்டியில் தொடங்கிய பங்கு என்று வேறெந்த ஊர் சொல்லிக்கொள்ள முடியுமோ நான் அறியேன்.

நின்றுபோன வண்டி

முந்தின நாள் நண்பகலில் நகரின் நடுப்பகுதியைக் கால்நடையாகச் சுற்றி வந்தேன். 1882 முதல் நடந்துவரும் காய்கறிச் சந்தை, அதனருகே பழைய செங்கல் கட்டடங்கள், வடக்கே இருப்புப்பாதைகள், அவற்றைக் கடந்து செல்லும் நடைபாலம், பாலத்தின் மறுபுறம் ரோனோக் ஹோட்டல் என்ற பழம்பெரும் விடுதி. விடுதியின் அருகிலேயே பழைய இரயில் நிலையம். 1905-இல் கட்டி, 1949-இல் புதுப்பித்த அழகிய கட்டடம் அது.

ஆவலோடு உள்ளே சென்றேன். பயணச்சீட்டுக் கொடுக்கும் சாளரம் இல்லை, பயணிகளும் இல்லை. சுவர் முழுவதும் நிழற்படங்கள். வின்ஸ்டன் லிங்க் என்ற கலைஞர், 1955 முதல் 1960 வரை, இவ்வட்டாரத்தின் கடைசி நீராவி எஞ்சின்களை இரவு நேரத்தில் விளக்கொளி பாய்ச்சி எடுத்த படங்கள் அவை. நிலையம் 2004-இல் அவருடைய படங்களுக்கான அருங்காட்சியகமாயிற்று. சற்றுத் தொலைவில், பழைய சரக்கு நிலையத்தில், போக்குவரத்து அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. இவ்வூர்ப் பணிமனையில் கட்டிய ‘ஜே’ வகைப் பயணிகள் எஞ்சின்கள் 14. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பது 1950-இல் கட்டிய 611-ஆம் எண் எஞ்சின் ஒன்றே. அதற்கு உரிய வீடும் அந்த அருங்காட்சியகந்தான்.

ஆக, இரயிலால் பிறந்த ஊரில் இரயில் காட்சிப்பொருளாகிவிட்டது! எப்படி?

மற்ற இடங்களில் நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வீட்டுக்கொரு கார் வந்தது, அகன்ற நெடுஞ்சாலைகள் வந்தன, வானூர்தி வந்தது. 1971-இல் தனியார் கம்பெனிகள் பயணிகள் வண்டிகளைக் கைவிட, ஆம்ட்ராக் என்ற தேசிய நிறுவனம் பொறுப்பேற்றது. அது 1975-இல் இவ்வழியே ஒரு வண்டியை விட்டது. ஏறியவர்கள் மிகச் சிலரே. 1979-இல், செலவைக் குறைக்கும் பொருட்டு நாடெங்கும் பல வண்டிகளை நிறுத்தியபோது, இவ்வழி வண்டியும் நின்றது. நிலக்கரியும் சரக்கும் இரவு பகலாக நகரின் நடுவே ஓடிக்கொண்டிருந்தன; மனிதர் ஏறிச் செல்லத்தான் ஒரு பெட்டி இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வண்டியை நிறுத்தியது அரசு என்று குறைகூறுவது எளிது. ஆனால் வண்டி ஓடிய காலத்தில் அதில் ஏறாதவர்கள் யார்? ஊர்மக்களே. பயன்படுத்தாத நன்மை கைவிட்டுப் போகும் என்பது பழைய பாடம்.

பேருந்தில் ஏறி இரயிலைக் கொணர்ந்தவர்கள்

ஊர் மனம் மாறிய வரலாறுதான் இக்கதையின் உயிர். அதற்கு முன்னோடியாக ஒரு நிகழ்ச்சி உண்டு. ரோனோக் ஹோட்டலை இரயில் கம்பெனி 1989-இல் மூடி, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்திற்கு அளித்துவிட்டது. ஊரின் அடையாளம் இருளடைந்து கிடப்பதைப் பொறாத மக்கள் நன்கொடை திரட்டினார்கள். 1995-இல் விடுதி மீண்டும் திறந்தது. நாம் கேட்டால் மட்டும் போதாது, நம் பங்கையும் தரவேண்டும் என்பதை ஊர் அப்போதே கற்றுக்கொண்டது என்று எண்ணுகிறேன்.

2009 அக்டோபர் முதல் நாள், வர்ஜீனியா மாநிலம் தன் செலவில் ஓர் ஆம்ட்ராக் வண்டியை லிஞ்ச்பர்க்வரை ஓடச்செய்தது. முதலாண்டில் 51 ஆயிரம் பேர் பயணம் செய்வர் என்று கணித்திருந்தார்கள். ஏறியவர்களோ ஒரு லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல்! லிஞ்ச்பர்க்கிலிருந்து ரோனோக் ஏறக்குறைய 85 கிலோமீட்டர்தான். “அங்கே வந்த வண்டி இங்கே வரக்கூடாதா?” என்ற கேள்வி ரோனோக் மக்களிடையே எழாமல் இருக்குமா? வணிகர்கள் கேட்டார்கள், நகர மன்றம் கேட்டது, பல்கலைக்கழகத்தார் கேட்டனர்.

ஆனால் இத்தகைய கோரிக்கைக்கு அதிகாரிகள் எங்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார்கள்: “உங்கள் ஊரில் பயணிகள் இருக்கிறார்கள் என்பதற்கு என்ன சான்று?” சான்று காட்ட வண்டி வேண்டும், வண்டி வர சான்று வேண்டும். இந்தச் சிக்கலுக்கு எளிய வழியொன்று கிடைத்தது. 2011-இல் ரோனோக்கிலிருந்து லிஞ்ச்பர்க் இரயிலுக்கு ஓர் இணைப்புப் பேருந்து தொடங்கிற்று. காலை இரயிலைப் பிடிக்க விடியுமுன்பே பேருந்தில் ஏறவேண்டும். இரவு திரும்பும்போது இரயிலை விட்டு இறங்கி மறுபடியும் பேருந்து. வசதியான பயணம் அன்று. ஆயினும் மக்கள் ஏறினார்கள். வாய்ச்சொல்லாக இருந்த விருப்பம், பயணச்சீட்டாக மாறி எண்ணிக்கையில் பதிந்தது.

2014-இல் மாநில அரசு, இரயிலை ரோனோக்வரை நீட்டுவதாக அறிவித்தது. அறிவித்த மறுநாளே வண்டி வந்துவிடாது. இருப்புப்பாதை, சரக்கு இரயில் கம்பெனியின் சொத்து. அதன் இசைவு வேண்டும். சரக்கு வண்டிகள் நிறைந்த யார்டைக் கடந்து பயணிகள் வண்டி செல்ல வழியமைக்க வேண்டும். இரவில் வண்டி தங்கவும், துப்புரவு செய்யவும் தனித் தடம் வேண்டும். நகரின் நடுவே புதிய மேடை வேண்டும். பழைய நிலையம் அருங்காட்சியகமாகிவிட்டதால், தண்டவாளத்தின் தென்புறம், சந்தைக்கு நடந்து செல்லும் தூரத்தில் மேடை கட்டினார்கள். நிலையக் கட்டடத்திற்காகக் காத்திருக்கவில்லை; மேடை போதும் என்று தொடங்கினார்கள். 2017 அக்டோபர் 31 அன்று காலை முதல் வண்டி புறப்பட்டது. 2022 ஜூலையில் இரண்டாவது வண்டியும் சேர்ந்தது. இன்னும் மேற்கே, கிறிஸ்டியன்ஸ்பர்க் நகரத்தாரும் தங்கள் ஊருக்கு வண்டி கேட்டு ஒன்றுகூடினார்கள். பாதையை அதுவரை நீட்டும் திட்டமும் உருவாயிற்று.

வண்டிக்குள்

வண்டி ஓசையின்றி வந்து நின்றது. நடத்துநர் முதியவரின் கையைப் பற்றி ஏற்றிவிட்டார். நான் அமர்ந்த இருக்கைக்கு அருகே எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். மகளைக் காண அலெக்ஸாண்டிரியா செல்கிறாராம். கண் பார்வை குன்றியதால் கார் ஓட்டுவதை விட்டு நான்கு ஆண்டுகள் ஆயின என்றார். அந்நாட்டில் கார் ஓட்ட முடியாதவரின் நிலையை நம்மவர் எளிதில் உணரமாட்டார்கள். தெருமுனைக் கடைக்கும் பிறர் தயவை நாட வேண்டும். பேரப்பிள்ளையின் முகம் காணவும் மகன் விடுப்பு எடுக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

“நீங்கள் அந்த இணைப்புப் பேருந்தில் சென்றதுண்டா?” என்று கேட்டேன்.

சிரித்தார். “அன்று எனக்குப் பார்வை நன்றாகவே இருந்தது, ஃபாதர். லிஞ்ச்பர்க்வரை நானே காரில் போயிருக்கலாம். இருந்தாலும் பேருந்தில்தான் போனேன். இருக்கை காலியாக இருந்தால் இரயில் வராது என்று என் கணவர் சொல்வார். அவர் முதல் வண்டியைப் பார்த்தார். அதில் ஏறினார். அதற்குப் பின் ஓராண்டுதான் இருந்தார்.”

நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். தமக்குத் தேவையில்லாத நாளில், குளிரிலும் இருளிலும் பேருந்தில் ஏறி அந்தத் தம்பதியர் காத்த இருக்கையிலே, தேவை வந்த நாளில் அந்த அம்மையார் அமர்ந்திருக்கிறார்! அவர் மட்டுமா? அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளாய் இருந்தவர்கள், எதிர் இருக்கைகளில் கல்லூரி மாணவர்களாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

லிஞ்ச்பர்க்கை நெருங்கும்போது வானம் வெளுத்தது. இலையுதிர் காலத்து மரங்கள் செம்மையும் மஞ்சளுமாய் ஒளிர்ந்தன. ஊருக்கு ஊர் மக்கள் ஏறினார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் வாஷிங்டன் வந்துவிட்டது. அங்கே டீசல் எஞ்சினைக் கழற்றி மின்சார எஞ்சினை மாட்டுகிறார்கள். அதே பெட்டிகள் நியூயார்க்கும் அதற்கு அப்பாலும் செல்லும். இரயில் பெட்டியில் திருப்பலி கண்ட மலைநகரம், ஒரே இருக்கையில் அமர்ந்தபடியே பெருநகரங்களை அடையும் வழியை மீண்டும் பெற்றுவிட்டது.

குறையே இல்லையா? உண்டு. நாளுக்கு இரண்டே வண்டிகள். கட்டணம் செலவு முழுவதையும் ஈடுசெய்யாத ஆண்டில் மாநிலத்தின் பணமே துணை. 750 மைலுக்குக் குறைந்த வழித்தடங்களின் பொறுப்பை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று 2008-இல் இயற்றிய சட்டம் சொல்கிறது. இரயிலில் ஏறாதவன் வரி ஏன் இரயிலுக்கு என்று கேட்பவர்களும் உண்டு. அது பொருளற்ற கேள்வி அன்று. ஆனால் கார் ஓட்டாதவன் வரியும் நெடுஞ்சாலைக்குச் செல்கிறதே! ஒரு சமுதாயத்தின் வாழ்வு அப்படித்தான். இன்று எனக்கு வேண்டாதது நாளை வேண்டியிருக்கும். என்றும் எனக்கு வேண்டாததும் என் அயலானுக்கு வேண்டியிருக்கும்.

வாஷிங்டன் நிலையத்தில் இறங்கி என் பையைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த அம்மையாரின் நினைவு வந்தது. அவர் முந்தைய நிலையமான அலெக்ஸாண்டிரியாவிலேயே இறங்கியிருந்தார். சாளரத்தின் வழியே நான் கண்ட காட்சி இதுதான்: கம்பளிச் சட்டை அணிந்த சிறுமி ஒருத்தி மேடையில் ஓடிவந்தாள், பாட்டியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். இருவரும் படிக்கட்டை நோக்கி மெல்ல நடந்தார்கள்.

வண்டி புறப்பட்டது. பாட்டியும் பேத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது? நாளை மறுநாள் அதே வண்டி அவரை ஊருக்குத் திரும்பக் கொண்டுபோகும்; அந்த நம்பிக்கையை ஓர் ஊரே சேர்ந்து சம்பாதித்திருக்கிறது.