இந்த வடிகால் யாருடையது?

தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளரின் கைபேசி ஓயாது. அழைப்பவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: “சார், யார்கிட்ட சொன்னா நடக்கும்?” பல ஆண்டுகளாக ராஜகீழ்ப்பாக்கத்தில் இந்தப் பொறுப்பைப் பார்த்து வருகிறேன். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்திருப்பதுதான் இந்த வேலையில் பெரும்பங்கு. மனு எழுதுவது அதற்கு அடுத்தபடிதான்.

எங்கள் பகுதியில் ஒரு தெருவில் விழும் மழை, ஏரி போய்ச் சேருவதற்குள் மூன்று அலுவலகங்களின் எல்லையைக் கடந்துவிடுகிறது. உட்தெரு வடிகால் தாம்பரம் மாநகராட்சியுடையது. வேளச்சேரி – தாம்பரம் சாலையோர வடிகாலும், சாலைக்கு அடியில் போகும் சிறுபாலமும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. ஏரிக்கரை, மதகு, கலங்கல் என்று வந்துவிட்டால் பெரும்பாலும் நீர்வளத் துறை. நடுவில் குறுக்கே மின்கேபிள் போனால் ஈ.பி.யும் சேர்ந்துகொள்ளும். சென்னை நகருக்குள்ளிருந்து இங்கே குடிவந்தவர்கள் பழக்கத்தில் பாதாளச் சாக்கடைக்கு மெட்ரோ வாட்டருக்கு எழுதிவிடுவார்கள். இங்கே அது மாநகராட்சிப் பொறியியல் பிரிவின் வேலை. அந்த மனு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து, உரிய மேசையை அடைவதற்குள் மழைக்காலம் முடிந்திருக்கும்.

ஆகவே புதிதாகச் சங்கப் பொறுப்புக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது: மழை பெய்யாத ஒரு நாள் காலையில் தண்ணீர் போகும் வழியிலேயே நடந்து போங்கள். மாநகராட்சி வடிகால் எங்கே முடிகிறது, நெடுஞ்சாலை வடிகால் எங்கே தொடங்குகிறது, இரண்டும் சேரும் இடத்தில் எது உயரம், எது தாழ்வு என்று பாருங்கள். நான் பார்த்தவரை வெள்ளத்துக்கு முக்கியக் காரணம் அந்த இணைப்புதான். தெருவில் புதிதாகக் கட்டிய வடிகாலின் அடிமட்டம், அது போய்ச் சேர வேண்டிய பழைய வடிகாலின் அடிமட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால், எத்தனை லட்சம் செலவழித்திருந்தாலும் தண்ணீர் திரும்பி வரும். வேலை தொடங்குமுன் கடைசி வெளியேற்றம் வரை மட்டம் பார்க்க வேண்டும் என்று மனுவில் ஒரு வரி கேட்டு வாங்குவது, பத்து பேர் போய்ச் சத்தம் போடுவதைவிடப் பயன் தரும்.

மனுவுக்கு வருகிறேன். ஒரு மனுவில் ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். தெருவிளக்கு, நாய், குப்பை, வடிகால் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால், அதைப் பிரித்து நான்கு பிரிவுகளுக்கு அனுப்ப யாரும் மெனக்கெட மாட்டார்கள். தெருப் பெயரோடு எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை என்று வேண்டும். முடிந்தால் புல எண், தேதியோடு படம், சுவரில் தண்ணீர் நின்ற தடத்தின் உயரம். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் எண்ணும் வாங்காமல் வீடு திரும்பக் கூடாது. உதவிப் பொறியாளரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வருவது நட்புக்கு நல்லது. அவர் மாற்றலாகிப் போனபின் வருபவருக்குத் தெரிவது கோப்பில் இருப்பது மட்டுமே.

காலமும் முக்கியம். டிசம்பரில் தண்ணீர் நிற்கும்போது எடுத்த படம் சாட்சிக்கு ஆகும், வேலைக்கு ஆகாது. மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டம் நிதியாண்டு முடிவதற்குள் தயாராகிவிடும். மதிப்பீடு போட்டு, நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் வாங்கி, டெண்டர் விட்டு, பணி ஆணை கொடுத்து, கோடையில் தோண்டினால்தான் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் மூடியும் போட முடியும். அதனால் மழை வடிந்த கையோடு, பொங்கலை ஒட்டி, எங்கள் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியல் போய்விட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். செப்டம்பரில் தொடங்கி பாதியில் நின்ற வடிகால், வடிகாலே இல்லாத தெருவைவிட ஆபத்தானது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு ஆற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் மறுபடி நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்றுதான். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். கவுன்சிலர் என்று கதவைத் தட்ட ஆள் இல்லாத அந்தக் காலத்தில்தான் நலச் சங்கங்கள் உண்மையில் வேலை கற்றுக்கொண்டன என்று நினைக்கிறேன். தேர்ந்தெடுக்கப்பட்டவரின் இடத்தை ஒரு சங்கம் நிரப்ப முடியாது, நிரப்பவும் கூடாது. எங்களுக்கு யாரும் வாக்களிக்கவில்லை. ஆனால் தெருவின் நினைவைக் காப்பாற்றி வைக்க முடியும். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, செம்பாக்கம் நகராட்சியில் இருந்த நாங்கள் ஒரே நாளில் எழுபது வார்டு கொண்ட மாநகராட்சிக்குள் வந்துவிட்டோம். இப்படி அலுவலகம் மாறும்போது, பழைய மனுவின் நகலும் எண்ணும் எந்தச் சங்கத்தின் கையில் இருந்ததோ அந்தத் தெருவின் கோரிக்கை முதலிலிருந்து தொடங்கவில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

நாங்கள் தனியாகக் கற்றுக்கொள்ளவில்லை. 1989இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, சென்னையின் தெருக்களுக்கு ஒரு வழியைக் காட்டியது. தெருக்காரர்கள் வீட்டுக்கு வீடு மாதாமாதம் சிறு தொகை வசூலித்து, குப்பை சேகரிப்பவருக்குச் சம்பளமும் மூன்று சக்கர வண்டியும் கொடுத்தார்கள். புறநகரில் பல சங்கங்களின் கூட்டம் நடத்தும் முறை, வசூல் புத்தகம், தெருவுக்கு ஒரு பொறுப்பாளர் என்ற ஏற்பாடு எல்லாவற்றிலும் அந்தப் பழக்கத்தின் சாயல் இருக்கிறது. பக்கத்துச் சிட்லபாக்கத்தில் ‘சிட்லபாக்கம் ரைசிங்’ தன்னார்வலர்கள் 2019 கோடையில் ஏரிக்குள் இறங்கித் தாங்களே சுத்தம் செய்தார்கள். அரசு அந்த ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் ஒதுக்கியதற்கு அந்த உழைப்பும், அவர்கள் விடாமல் எழுதிய மனுக்களும் பெரிய காரணம். கையில் மண்வெட்டியோடு இறங்கியவர்கள் பேசும்போது அதிகாரிகள் கேட்கும் விதமே வேறு.

செம்பாக்கம் ஏரி இன்னொரு வகை. ஏறத்தாழ நூறு ஏக்கர் ஏரி. கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் நிறைந்து கிடந்தது. ‘தி நேச்சர் கன்சர்வன்சி’, ‘கேர் எர்த்’ அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை சேர்ந்து அதன் மீட்பில் இறங்கின. 2000இல் ஜெயஸ்ரீ வெங்கடேசனும் ரஞ்சித் டேனியல்ஸும் தொடங்கிய கேர் எர்த், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றி நீண்ட காலமாக ஆய்வு செய்துவருவது. அவர்களின் வேலையைப் பார்த்து நான் கற்றது, ஏரியைத் தனி ஏரியாகப் பார்க்கக் கூடாது என்பது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் பக்கத்துத் தண்ணீர் செம்பாக்கம் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைக்குப் போகிறது. அந்தச் சதுப்பு நிலம் 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமானது. அப்படியானால் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கழிவுநீர்க் குழாய் மழைநீர் வடிகாலில் திறந்துவிடப்பட்டிருந்தால், அது எங்கள் தெருப் பிரச்சினை மட்டுமல்ல. இதைக் கூட்டத்தில் சொல்வது எளிதல்ல. குழாய் விட்டவரும் சந்தா கட்டும் உறுப்பினர்தான். சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். நலச் சங்கக் கூட்டங்களில் ‘ஆக்கிரமிப்பு’ என்ற பேச்சு எழுந்தால், எல்லாக் கையும் ஏரிக்கரைக் குடிசைகளையும் ஓட்டு வீடுகளையும்தான் காட்டும். 2007இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தையும் யாராவது மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் கிராமப் புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்து வைத்துப் பாருங்கள். நாம் வாங்கிய மனைகளில் பல, அந்த ஏரி பாய்ந்த நஞ்சை நிலங்கள். வரைபடத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று மெல்லிய கோடாகப் போவது, நேரில் போனால் பல இடங்களில் ஒரு சுற்றுச்சுவருக்குள்ளோ, சிமென்ட் போட்ட கார் நிறுத்தத்துக்கு அடியிலோ இருக்கிறது. எங்கள் பக்கத்தில் நெல் நட்டுப் பழகிய ஒரு பாட்டியிடம் வரைபடத்தோடு போய் உட்கார்ந்தேன். அவருக்கு வரைபடம் தேவைப்படவில்லை. “அந்த மாடி வீடு இருக்குது பாரு, அதுக்குப் பின்னாடிதாம்ப்பா மதகு. நீர்க்கட்டி ராத்திரியில வந்து திறந்துவுடுவான்” என்றார். அவர் கை காட்டிய இடமும் வரைபடத்தின் கோடும் ஒன்றாகவே இருந்தன. ஏழை வீட்டை இடித்து அந்தக் குடும்பத்தைப் பெரும்பாக்கம் மறுகுடியமர்வு அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டு, வாய்க்காலை அடைத்த சுற்றுச்சுவரைத் தொடாமல் விட்டால் தண்ணீர் வடியாது. எங்கள் சங்கம் வாய்க்கால் பற்றி எழுதும் எந்த மனுவிலும், முழு நீளத்தையும் அளக்க வேண்டும், உறுப்பினர் வீடாக இருந்தாலும் அளக்க வேண்டும் என்று எழுதுகிறோம். இதனால் சிலர் சந்தாவை நிறுத்தினார்கள். நிறுத்தட்டும்.

பணம் பற்றிக் கொஞ்சம். கவுன்சிலர், சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் ஆகியோரின் தொகுதி மேம்பாட்டு நிதியைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி என்பது பெரிதாகத் தெரியும். ஒரு தொகுதியின் தெருக்களை எண்ணிப் பார்த்தால் அது எவ்வளவு மெல்லிசு என்பது புரியும். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு தரும். பூங்காவுக்கும் கண்காணிப்புக் கேமராவுக்கும் நல்ல வழி. எனக்கு இதில் ஒரு குறை உண்டு. அந்தப் பங்கைக் கட்டக்கூடிய தெருவுக்கே வசதி வரும், கட்ட முடியாத தெரு காத்திருக்கும். அதனால் வடிகால், குடிநீர் போன்ற அடிப்படை வேலைகளுக்கு இந்த வழியில் போகக் கூடாது, அவற்றை வரிப்பணத்திலிருந்தே கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

வேலை நடக்கும்போது தகவல் அறியும் உரிமைச் சட்டம் கை கொடுக்கும். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டம் கோப்பையும் பணியையும் நேரில் பார்வையிடும் உரிமையையும் தருகிறது, கட்டுமானப் பொருளின் மாதிரி எடுக்கும் உரிமையையும் தருகிறது. மதிப்பீட்டு நகலும், எம்-புக் என்று எல்லோரும் சொல்லும் அளவைப் புத்தகமும் கையில் இருந்தால், எத்தனை மீட்டர் கட்டியதாகப் பில் போடப்பட்டது, தரையில் எத்தனை மீட்டர் இருக்கிறது என்று நாடாவைப் பிடித்துப் பார்த்துவிடலாம். நல்ல பொறியாளர்கள் இதை வரவேற்கிறார்கள். ஒப்பந்ததாரரிடம் கறாராக நிற்க அவர்களுக்கும் ஒரு பிடி வேண்டியிருக்கிறது. அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளில் திறந்தவெளி ஒதுக்கீடாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்ட நிலங்களைக் காப்பாற்றுவதற்கும் இதே வழிதான். பத்து விழுக்காடு நிலம் உள்ளாட்சிக்கு வந்ததா என்பதைப் பத்திர நகலும் அனுமதி வரைபடமும்தான் சொல்லும். மனை விற்றவரின் வாய்ப்பேச்சு சொல்லாது.

இப்போது பகுதி சபை என்ற புதிய மேடை கிடைத்திருக்கிறது. கிராமங்களுக்குக் கிராம சபை உண்டு. எங்களுக்குப் பக்கத்தில் ஊராட்சியாகவே இருக்கும் வேங்கைவாசலில் குடியரசு தினத்திலும் மே தினத்திலும் மக்கள் உட்கார்ந்து தீர்மானம் போடுவதை நாங்கள் ஏக்கத்தோடு பார்த்ததுண்டு. வார்டு குழுக்களுக்கு இடம் தந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்த பகுதி சபைகளில், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டது எங்கள் மாநகராட்சியின் பம்மலில்.

பகுதி சபையில் பேசுவதற்கு ஒரு பயிற்சி வேண்டும். ஆத்திரத்தோடு எழுந்தால் ஐந்து நிமிடத்தில் நேரம் முடிந்துவிடும், “பார்க்கிறோம் சார்” என்ற பதிலோடு உட்கார வேண்டியதுதான். நாங்கள் தீர்மான வாசகத்தையே எழுதி எடுத்துப் போகிறோம்: இன்ன தெரு, இன்ன நீளம், இன்ன துறையோடு சேர்ந்து கூட்டாய்வு, இன்ன மாதத்துக்குள் மதிப்பீடு. அது குறிப்பேட்டில் ஏறும்வரை எழுந்து போவதில்லை. வாடகைக்குக் குடியிருப்பவர்களையும் கூட்டிப் போகிறோம். நலச் சங்க விதிகளில் பல இடங்களில் வீட்டு உரிமையாளர் மட்டுமே உறுப்பினர். பகுதி சபையில் அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோருக்கும் இடம் உண்டு. தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது தரைத்தளத்து வாடகை வீடுதான். அங்கே குடியிருக்கும் பெண்கள் சபையில் எழுந்து, எந்த மழையில் எந்தப் படி வரை ஏறியது என்று சொன்னபோது, அதை மறுத்துப் பேச யாரிடமும் கணக்கு இல்லை.

இந்த ஆண்டு அடுக்குமாடிகளில் குடியிருக்கும் இளம் பொறியாளர்கள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். மட்டம் பார்க்கும் கருவியை வாடகைக்கு எடுத்து, மாடம்பாக்கம் சாலை பிரியும் சந்திப்பிலிருந்து ஏரி வரை ஒவ்வொரு இணைப்பின் அடிமட்டத்தையும் குறித்து வருகிறார்கள். ஒவ்வொரு வடிகாலும் எந்தத் துறையுடையது என்று நிறம் பிரித்து வரைபடம் போடுகிறார்கள். முடிந்ததும் ஒரு பிரதி மாநகராட்சிக்கு, ஒன்று நெடுஞ்சாலைத் துறைக்கு, ஒன்று நீர்வளத் துறைக்கு. மூன்று அலுவலகமும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்பதுதான் அடுத்த பகுதி சபைக்கு நாங்கள் எழுதி வைத்திருக்கும் தீர்மானம்.