நூல்நிலையமும் கணினிக் காவலும்

கல்வியைக் கள்வர் கவரார் என்பது நம் முன்னோர் துணிபு. ஆயின், கல்வியை வழங்கும் நூல்நிலையத்தைக் கள்வர் முடக்கிவிடவல்லர் என்பதை யான் வதியும் ரொறன்ரோ மாநகரிலே கண்கூடாகக் கண்டேன்.

அந்நகரத்துப் பொது நூல்நிலையம் நூறு கிளைகளை உடையது. தமிழ் நூல்களையும் அங்கே இரவலாகப் பெறலாம். அதன் கணினி வலையமைப்பினுள் கப்பக்காரர் புகுந்தமை 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆந் திகதி தெரியவந்தது. கதவுகள் திறந்தேயிருந்தன, ஆயினும் நூற்பட்டியலைத் தேட வழியில்லை, பொதுக் கணினிகள் இயங்கவில்லை. திரும்பிவந்த நூல்கள் பதிவுசெய்யப்படாது, பத்து இலட்சம் வரையில் லொறிப் பெட்டிகளிற் குவிந்தன. நிருவாகம் கப்பங் கொடுக்க மறுத்தது. சேவைகள் சீர்ப்பட்டது 2024 தொடக்கத்திலேதான்.

பெருநகரமே இப்பாடுபட்டதெனின், வருவாய் குறைந்த நூல்நிலையம் என் செய்யும்? கணினி வலையமைப்புத் தொழிலிற் பல்லாண்டு கழித்த யான் கூறும் விடை இது: தலையாய காப்புக்கள் பணத்தைவிட ஒழுங்கையே பெரிதும் வேண்டுவன.

வாசகர் கணினிகளும் அலுவலகக் கணினிகளும் ஒரே வலையில் இருத்தலாகாது. பெரும்பாலும், உள்ள கருவிகளைக் கொண்டே அவற்றைப் பிரித்துவிடலாம். கிளைக்குக் கிளை இன்றியமையாத வழியை மட்டும் திறந்துவைத்தால், ஓரிடத்துத் தீங்கு எங்கும் பரவாது. கடவுச்சொல்லோடு இரண்டாஞ் சான்றொன்றும் கேட்டல் வேண்டும். 2023இல் பிரித்தானிய நூலகம் தாக்கப்பட்டபோது, அத்தகைய சான்று கேளாத வாயிலொன்றே பகைவர்க்கு வழியாயிருத்தல் கூடுமென அந்நூலகத்தின் அறிக்கையே உரைத்தது.

ஒன்றுக்கு மட்டுமே பணமுண்டெனின், அதனைப் பிரதிக்கே செலவிடுக. அமெரிக்காவின் சென் லூயிஸ் பொது நூல்நிலையத்தில் 2017இல் ஏறக்குறைய 700 கணினிகள் முடக்கப்பட்டன. கள்வர் கேட்டது 35,000 டொலர். நூல்நிலையம் ஒரு சதமுங் கொடாது, பிரதிகளைக் கொண்டே மீண்டது. ஆனால், எந்நேரமும் வலையில் இணைந்திருக்கும் பிரதியையும் கள்வர் அழித்துவிடுவர். ஒன்றையேனும் துண்டித்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். அதிலிருந்து மீட்டுப் பாராதவரை அதனை நம்புதலுங் கூடாது.

பிரதியின் அருமையை நமக்குப் பிறர் உணர்த்த வேண்டுவதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. அச்சு நூல்களை மீண்டும் வாங்கினோம். பிரதியில்லா ஏடுகளை எவ்விலைக்கும் பெற்றிலோம்.

கணினி பயிலும் இளஞ் சகோதரர்களே! உங்கள் ஊர் வாசிகசாலைக்கு ஒருநாள் செல்லுங்கள். அதன் பதிவேட்டுக்குப் பிரதியுண்டோ என வினவுங்கள். இல்லையெனின், அன்றே ஒன்று எடுத்துக் கொடுங்கள். கல்லூரி அன்னைக்கு நாம் செலுத்தும் கடன்களுள் அதுவும் ஒன்றாகும்.