இடிக்காமல் இருந்ததற்கு நன்றி

புதுச்சேரியில் வைசியாள் வீதி, பெருமாள் கோயில் வீதி, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி, இன்னும் அவற்றை ஒட்டிய தெருக்களில் பழைய வீட்டை வீடாகவே வைத்திருக்கும் எல்லோருக்கும்,



சனிக்கிழமை காலையில் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வரும் கார்கள், பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே போய்த்தான் நிற்கின்றன. மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு, மதிலுக்கு மேல் காகிதப்பூ, அதன் முன்னால் தலையைச் சாய்த்து ஒரு படம். துய்மா வீதியும் ரொமேன் ரோலன் வீதியும் அழகானவைதான், அதில் சண்டை இல்லை. ஆனால் புதுச்சேரி என்றால் அந்த நாலு தெரு என்று ஆகிவிட்டது. வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிற உங்களுக்கு யாரும் நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

உங்கள் தெருக்கள் சும்மா நேராக அமைந்துவிடவில்லை. 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். 1699-இல் திருப்பிக் கொடுப்பதற்குள் கோடு போட்டாற்போல ஒரு தெருத் திட்டம் தயாராகியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதையே வளர்த்தெடுத்தார்கள். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றி, கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்தபோது, ழான் லா த லோரிஸ்தோன் ஆளுநராக இருந்து பழைய கோடுகளின் மேலேயே ஊரை மறுபடி எழுப்பினார். ஆகவே, இன்றைக்கு நாம் பழைய புதுச்சேரி என்று சொல்வதில் மிகப் பெரும்பாலானது அந்த ஆண்டுக்குப் பிறகு கட்டியது.

அதற்கு முன்பே கட்டிய ஒன்று உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. பெரிய மார்க்கெட்டுக்கு அருகே, ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர் அவர், பின்னர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும்) இருந்தார். ஊர் விழுந்த அதே 1761 ஜனவரியில் கண்ணை மூடினார். ஊர் சரிந்தது, அவர் வீடு நின்றது. கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்களோடு முற்றம், மேல்தளத்தில் ஐரோப்பியப் பாணியில் சுதைத் தூண்கள். அந்தக் காலத்துப் பெரிய மனிதர் ஒருவர் எப்படி இரண்டு உலகத்துக்கும் நடுவில் நின்றார் என்பதை அந்த இரண்டு தளமும் சொல்லிவிடுகின்றன. பிறகு உங்கள் முன்னோர்கள் பலரும் அதே வழியில்தான் போனார்கள்: கீழே தமிழ் வீடு, கையில் காசு வந்ததும் மேலே வளைவு ஜன்னலும் பலகணியும்.

வாய்க்காலுக்குக் கிழக்கே வீடுகள் உயர்ந்த மதிலுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கின்றன. கதவு திறந்தால்தான் தோட்டம் தெரியும். உங்கள் வீடோ தெருவுக்கே வந்து நிற்கிறது. முதலில், மரக்கால் நட்டு ஓடு வேய்ந்து தெருவோரம் இறக்கிய தாழ்வாரம். வெயிலுக்கு ஒதுங்குகிறவர், கீரைக்காரி, தபால்காரர், யார் வேண்டுமானாலும் நிற்கலாம். அதற்கு உள்ளே திண்ணை, தெரிந்தவருக்கு. கதவைத் தாண்டி நடை, அப்புறம் முற்றம், வீட்டாருக்கும் வீட்டார் அழைத்தவருக்கும். தெருவில் போகிறவன் எதுவரை வரலாம் என்பதை ஒரு பலகையும் வைக்காமல் கட்டடமே சொல்கிறது. பாதுகாப்பு வேண்டும் என்று பலர் தாழ்வாரத்துக்குக் கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ராத்திரி வண்டி காணாமல் போனால் நானா வந்து நிற்கப் போகிறேன். ஆனாலும் அடைக்காமல் விட்டிருக்கிறீர்களே சிலர், அந்த நிழலில் நின்று தண்ணீர் குடித்தவன் என்ற முறையில் உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

தங்கிய இரவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் சிலர் வீட்டின் ஒரு பகுதியை விருந்தினருக்கு விட்டிருக்கிறீர்கள். சில வீடுகள் முழு விடுதியாகவே மாறிவிட்டன. பெருமாள் கோயில் வீதியில் 'மெசோன் பெருமாள்' அப்படி மாறிய வீடுதான். நாங்கள் தங்கியது அவ்வளவு பெரிதல்ல. முற்றத்தை ஒட்டிய கீழ் அறை, கனத்த சுவர், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான நிலை. முதல் நாள் நெற்றியில் இடித்துக்கொண்டேன். "குனிஞ்சு வரணும்னுதான் தம்பி அப்படி வச்சிருக்காங்க" என்று வீட்டு அம்மா சிரித்தார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் கொட்டிய தண்ணீர் மூலையிலிருந்த துவாரத்தில் இறங்கி ஓட, அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். வெளியே பகல் பூராவும் புழுக்கம். உள்ளே மின்விசிறியே போதும். முற்றத்தின் வழியே சூடு மேலே ஏறிப் போக, தெருவாசலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. இதற்கு மின்கட்டணம் கிடையாது.

கட்டணம் வேறு இடத்தில் இருக்கிறது என்பதை அந்த அம்மாதான் விளக்கினார். உங்கள் மெட்ராஸ் டெரஸ் மாடிக்குத் தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் சின்னச் செங்கலை நெட்டுக்குத்தாக, சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடிப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே தட்ட வேண்டும். கடைசியில் தட்டோடு. சுவருக்கு மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தால் கை வைத்தால் வழுக்கும். இதைச் செய்யத் தெரிந்த கொத்தனார் இன்று கூப்பிட்ட குரலுக்குக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அவசரப்படுத்த முடியாது. ஆனால் ஓர் உத்தரம் உளுத்துப்போனால் காத்திருக்கவும் முடியாது.

அவசரத்துக்கு சிமென்ட் பூசினால் என்ன? பலரும் பூசினார்கள். கடற்கரை ஊர், உப்புக் காற்று, நிலத்தடி ஈரம். சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை உறிஞ்சி மறுபடி வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். சில மழைக்காலம் போனதும் பூச்சு பொரிந்து, உள்ளிருக்கும் செங்கல் மாவாக உதிரும். இது தெரிந்து, கூடுதல் செலவு செய்து, சுண்ணாம்புக்காகக் காத்திருந்தவர்கள் நீங்கள். அந்த வேலை தெரிந்த கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் இந்த நன்றியில் பாதி போய்ச் சேரட்டும்.

வைசியாள் வீதிக்காரர்களுக்கு இதில் ஓர் அங்கீகாரமும் வந்தது. கால்வே சுப்பராயச் செட்டியார் வீதி என்று பலகையில் இருந்தாலும் ஊர் வாயில் அது வைசியாள் வீதிதான். 2002-இலிருந்து 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நவ்-சூர்-லோவும் புதுச்சேரியோடு கைகோத்தன. மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் முன்னின்று அந்த வீதியின் முகப்புகளை வரிசையாகச் சீரமைத்தது. கம்பி போட்டிருந்த சில தாழ்வாரங்கள் திறந்தன, மரக்கால்கள் மறுபடி நின்றன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் அந்த வீதிக்குத் தகுதி விருது கிடைத்தது. ஒரு கோயிலுக்கோ அரண்மனைக்கோ அல்ல, ஆள்கள் குடியிருக்கிற ஒரு தெருவுக்கு. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஒரே மதிலைப் பங்கிட்டுக்கொண்ட வரிசை வீடுகளில், நடுவில் ஒருவர் இடித்தாலே அக்கம்பக்கத்துச் சுவர் இரண்டும் மழைக்கு வெளியே வந்துவிடும். ஒருவர் மட்டும் நல்லவராக இருந்து ஒரு தெருவைக் காப்பாற்ற முடியாது.

இடித்தவர்களையும் நான் வில்லன்களாக நினைக்கவில்லை. நாலு அண்ணன் தம்பிகள், இரண்டு அக்கா தங்கைகள், ஒருத்தர் பாரிசில், ஒருத்தர் மறைமலைநகரில். ஒரு முற்றத்தை ஆறாக வெட்ட முடியுமா? பாகப்பிரிவினை வழக்கு இழுக்கிறது, அதற்குள் மாடி ஒழுகுகிறது, அடுக்குமாடி கட்டுகிறவர் வந்து ஆளுக்கொரு பிளாட் என்கிறார். கார் நிறுத்தவும் இடம். இப்படித்தான் பல நூறு வீடுகள் போயின. கையெழுத்துப் போடாத அந்த ஓர் அக்காவோ தம்பியோ ஒவ்வொரு நிற்கும் வீட்டுக்குள்ளும் இருப்பார். குடும்பத்தில் அவருக்கு நல்ல பேர் இருந்திருக்காது. அவருக்கு என் நன்றி.

அரசு வைத்திருந்தாலும் இதே கதைதான். கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர மண்டபம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நகராட்சியின் கௌரவக் கட்டடம் என்பதால் பணம் வந்தது. முல்லா வீதியில் ஒரு வீடு சரிந்தால் யார் அதே தோற்றத்தில் எழுப்பித் தருவார்?

விடுதி நடத்தாமல், விருதும் வாங்காமல், சும்மா குடியிருக்கிறவர்களை மறந்துவிடக் கூடாது. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும் இன்று அருங்காட்சியகங்கள். அவற்றைப் பார்க்க வருகிறவர்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையில்தான் செருப்பை மாட்டிக்கொள்கிறார்கள், வழி கேட்கிறார்கள், குழந்தைக்குத் தண்ணீர் கேட்கிறார்கள். 1908-இல் அடைக்கலம் தேடி வந்த பாரதி 1918 வரை இங்கே இருக்க முடிந்தது பிரெஞ்சுச் சட்டத்தால் மட்டும் அல்ல, இப்படிப்பட்ட அக்கம்பக்கத்தாலும்தான் என்று எனக்கு ஓர் எண்ணம். காஜியார் வீதியிலும் சம்பா கோவில் என்னும் தேவாலயத்தின் பக்கத்திலும் இதே திண்ணைக் குணத்தைப் பார்த்தேன். யாரும் எங்களை எங்கிருந்து வருகிறீர்கள் என்பதற்கு மேல் கேட்கவில்லை.

ஒரு கவலையும் உண்டு, நன்றி மடலில் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். எல்லா வீடும் விடுதியானால் தெருவில் மளிகைக் கடை நிற்காது, இஸ்திரி வண்டி நிற்காது, மார்கழிக் காலையில் கோலம் போட ஆள் இருக்காது. அப்போது முகப்பு இருக்கும், தெரு இருக்காது. அறை வாடகை இல்லாமல் மாடியைப் பழுது பார்க்க முடியாது என்ற உங்கள் கணக்கும் எனக்குப் புரிகிறது. முன்பக்கம் நீங்கள், பின்பக்கம் நாங்கள் என்ற ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது. இதைப் படித்து அங்கே போக நினைக்கிறவர்கள் முடிந்தால் வார நாளில் போகட்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை போன்ற இடங்களில் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளட்டும்.

கடைசியாக, வீட்டு அம்மாவுக்கு ஒரு விண்ணப்பம். வரும் மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி பார்க்க வருகிறோம். மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் வந்து இறங்கும் அந்தக் கூட்டத்தில் என் அம்மாவை நடத்திக் கூட்டிப்போக முடியாது, அதனால் முந்தின நாளே வந்துவிடுவோம். போன முறை கொடுத்த கீழ் அறையையே எங்களுக்கு எடுத்து வையுங்கள். ஏசி போட்ட மாடி அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டில் தங்கிப் போன ஒருவன்