மலையில் கேட்ட மேயர் கதை

1996 அக்டோபர். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கொல்லிமலையின் சோளக்காட்டுச் சந்தையில் அப்பா வாழைத்தார்களை இறக்கிக்கொண்டிருக்க, நான் ஈரத்தலையோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரேடியோவில் மாநிலச் செய்திகள். சென்னை மேயராக மு.க. ஸ்டாலின் ஜெயித்துவிட்டார், மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் மேயர் என்று சொன்னார்கள்.

எங்கள் உண்டு உறைவிடப் பள்ளி வாத்தியாரும் அங்கே இருந்தார். சென்னைக்காரர்.

"மேயருன்னா யாருங்க சார்?"

"இப்ப நீங்க பஞ்சாயத்துத் தலைவருக்கு ஓட்டுப் போட்டீங்கல்ல? பட்டணத்துக்கு அந்த மாதிரிடா. எனக்கு மீசை முளைச்ச நாள்லருந்து எங்க ஊர்ல மேயரே கிடையாது."

நிஜம்தான். மஸ்டர் ரோல் (தினக்கூலி வருகைப் பதிவேடு) ஊழல் புகாரில் 1973இல் கலைக்கப்பட்ட மாநகராட்சியை 23 ஆண்டுகள் அதிகாரிகளே நடத்தினார்கள்.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் நாங்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். கொடியில் காயாத சட்டைகள் தொங்கின. பட்டணத்தில் குடத்தோடு தண்ணி லாரிக்குக் காத்துக் கிடப்பார்கள் என்று அவர் சொன்னதை எங்களால் நம்பவே முடியவில்லை. எங்களுக்கு ஓடையில் குனிந்தால் தண்ணீர். 1939இல் மேயரான தீரர் சத்தியமூர்த்தியின் கதையை அப்போதுதான் கேட்டேன். அந்தக் காலத்தில் மேயர் பதவி ஒரே வருடம்தான். உலகப்போர் வேறு. அதற்குள் கொசஸ்தலை ஆற்றில் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் நாட்ட வைத்துவிட்டார். 1944இல் வேலை முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய வருடமே போய்விட்டார். நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர் நிலைத்தது. ஒரு வருடப் பதவியில் ஒரு நகரத்தின் தாகத்தை நினைத்த மனிதர் என்று இன்றும் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

1959 கதையைச் சொல்லும்போது வாத்தியாரின் குரலே மாறிவிடும். அந்த வருடம் மாநகராட்சி தி.மு.க. வசம் வந்தது, அ.பொ. அரசு மேயரானார். அந்த வெற்றிக்காகக் கருணாநிதிக்கு அண்ணா மோதிரம் அணிவித்தார். எட்டே வருடத்தில் கோட்டையும் கைக்கு வந்தது. மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் நடப்பது குப்பை, சாக்கடைப் பேச்சு மட்டுமல்ல, நாளைய ஆட்சிக்கான ஒத்திகையும் அங்கேதான் என்பது எனக்குப் பின்னாளில் விளங்கியது. ரேடியோவில் நான் பெயர் கேட்ட அந்த மேயர் 2021இல் முதலமைச்சரானார். மறுவருடம் பிரியா மேயரானார்; சென்னைக்குத் தலித் பெண் ஒருவர் மேயரானது அதுவே முதல்முறை.

ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் கவுன்சிலர்கள். நேரடித் தேர்தல், மறைமுகத் தேர்தல் என்று ஆட்சிக்கு ஆட்சி சட்டத்தை மாற்றி மாற்றி எழுதிவிட்டார்கள். கொல்லிமலையில் பஞ்சாயத்துத் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த உரிமையைச் சென்னைக்காரர்களுக்கும் திருப்பிக் கொடுங்கள்.