கண்டுபிடித்தவர் யார்?

தேயிலையும் பூக்கும். வெள்ளை இதழ்களும் நடுவே மஞ்சள் கேசரங்களுமாக அழகான பூ. ஆண்டு முழுவதும் பச்சை மாறாத இந்தச் செடியை வெட்டாமல் விட்டால் மரமாகவே வளர்ந்துவிடும். கவ்வாத்து வெட்டி, கொழுந்து பறித்து, இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பதால்தான் எங்கள் மலைச்சரிவுகளில் அது செடியாகத் தெரிகிறது.

அசாம் தேயிலையைக் கண்டுபிடித்தவர் யார் என்று வினாடி வினாப் போட்டியில் கேட்டால், "ரொபர்ட் புரூஸ், 1823" என்போம். புள்ளியும் கிடைக்கும். ஆனால் அந்த ஸ்கொட்லாந்து வியாபாரிக்குச் செடியைப் பற்றிச் சொன்னவர் பீசா காம் என்னும் சிங்போ இனத் தலைவர். சிங்போ மக்கள் அதன் இலையை வாட்டி, மூங்கில் குழாயில் அடைத்து, புகையில் வைத்துப் பக்குவப்படுத்திக் குடித்து வந்தார்கள். அவர்களுக்கு அது புதுச் செடியல்ல.

அடுத்த ஆண்டே புரூஸ் இறந்தார். பின்னர் அசாமிலிருந்து இலைகள் கல்கத்தா தாவரவியற் பூங்காவுக்குப் போயின. அங்கிருந்த வொலிக் என்ற தாவரவியலாளர், "இது தேயிலையல்ல, கமேலியா" என்றார். காயும் விதையும் கிடைத்த பிறகே, 1834இல், தேயிலைதான் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், இன்று தேயிலையின் விஞ்ஞானப் பெயரே கமேலியா சினென்சிஸ்தான்!

1839இல் அசாம் விதைகள் பேராதனைப் பூங்காவுக்கு வந்தன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பிறகு நடந்ததை நம் மலைகளே சொல்லும்.

எழுதி வைத்தவரின் பெயர் நிலைக்கிறது. சொல்லிக் கொடுத்தவரின் பெயர் மறைந்து போகிறது. இதைப் படித்ததிலிருந்து என் உம்மும்மாவை நினைத்துக்கொள்கிறேன். தடிமனுக்கு எந்த இலை, சளிக்கு எந்த வேர், எதை அவிப்பது, எதை அரைப்பது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் பள்ளிக்கூடம் போனது சில வருடங்கள்தான். அவர் அறிந்தது எந்தப் புத்தகத்திலும் அவர் பெயரோடு இல்லை.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். அவர் காட்டும் ஒவ்வோர் இலையையும் ஒட்டி, ஊர்ப் பெயரையும் விஞ்ஞானப் பெயரையும் எழுதுகிறேன். மூன்றாவதாக ஒரு வரி உண்டு: "சொன்னவர்". இதுவரை எல்லாப் பக்கங்களிலும் அந்த வரியில் ஒரே பெயர்தான்.