கொழுப்பு என்று திட்டினேன்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

புனேயில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். அந்த ஊர் ஐசர் நிறுவனத்தின் பேராசிரியர் சித்தேஷ் காமத் பற்றியது. 2024-ஆம் ஆண்டு உயிரறிவியலுக்கான இன்ஃபோசிஸ் பரிசு வாங்கியவர். அவருடைய ஆராய்ச்சி முழுக்க லிப்பிடுகளையும் அவற்றை வெட்டுகிற நொதிகளையும் பற்றியது. கீழே அவள் எழுதியிருந்தாள்: "டீச்சர், லிப்பிடு பாடத்தை நீங்க பத்து நிமிஷத்துல முடிச்சீங்க, ஞாபகம் இருக்கா?"

நன்றாக இருக்கிறது. டி.என்.ஏ.வுக்கு ஒரு வாரம், புரதத்துக்கு மூன்று நாள். கொழுப்புக்கு மட்டும், "ஒரு கிராமுக்கு 9 கலோரி, உடம்பின் சேமிப்புக் கிடங்கு, செல் சவ்வுக்குச் சுவர், ரெண்டு மார்க் கேள்வி வரும், குறிச்சுக்கோங்க." மணி அடித்ததும் கிளம்பிவிடுவேன். எத்தனை வருடம் இப்படிச் செய்தேன்! அந்த வெட்கத்தில் ஒரு வாரமாக உட்கார்ந்து படித்தேன். விட்டுப்போன வகுப்பை இன்றைக்கு எடுக்கிறேன்.

நம் ஊர் முத்துக்குளிப்பிலிருந்து தொடங்குகிறேன். 1961-க்குப் பிறகு நம் பாரில் அது நடக்கவில்லை. உங்கள் தாத்தாக்கள் பார்த்திருப்பார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் இறங்குவார். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பது மச்சான். தங்கச்சி தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்று சொல்வார்கள். கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். ஆனால் சுண்டிய கயிறு மறுபடி தளர வேண்டும். எந்நேரமும் இறுகியே கிடந்தால் மேலே இருப்பவனுக்கு எது சேதி, எது சும்மா என்று எப்படித் தெரியும்?

சில கொழுப்புப் பொருள்கள் உடம்பில் இந்தக் கயிற்று வேலையைச் செய்கின்றன. செல் சவ்வில் பாஸ்பாட்டிடில் செரின் என்று ஒரு லிப்பிடு உண்டு. இரண்டு வால் உள்ளது. செல் நலமாக இருக்கும்வரை சவ்வின் உட்பக்கம் இருக்கும். செல் சாகும்போது வெளிப்பக்கம் திரும்பி, "என்னை அப்புறப்படுத்து" என்று துப்புரவு செல்களுக்குச் சொல்லும். இதன் ஒரு வாலை ஒரு நொதி வெட்டினால் லைசோ பாஸ்பாட்டிடில் செரின் கிடைக்கும். இது எதிர்ப்புச் செல்களுக்கும் நரம்பு மண்டலத்துக்கும் போகிற சேதி. லைசோ என்ற பெயரே பாம்பு விஷத்தால் வந்தது: விஷத்தின் நொதி லெசித்தினின் ஒரு வாலை வெட்ட, மிச்சமானது ரத்தச் சிவப்பணுக்களைக் கரைத்தது. கரைப்பதால் லைசோ.

சேதியை உண்டாக்க ஒரு நொதி என்றால், முடிந்ததும் அழிக்க இன்னொரு நொதி வேண்டும். அழிக்கிற நொதியின் பெயர் ஏபிஹெச்டி12. இதன் மரபணு பழுதானால் என்ன ஆகும் என்று நார்வே ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் எழுதினார்கள். கை கால் நரம்புத் தளர்ச்சி, காது கேளாமை, நடையில் தள்ளாட்டம், விழித்திரைக் கெடுதல், கண்புரை. ஐந்தும் சேர்ந்த நோய்க்கு ஃபார்க் என்று பெயர். அபூர்வமான நோய். மெல்ல மெல்ல வரும்.

அப்போது காரணம் என்று எல்லோரும் நினைத்தது வேறு. ஏபிஹெச்டி12, கஞ்சாவின் சத்தைப் போல மூளையே தயாரிக்கும் ஒரு பொருளையும் சிதைக்கும் என்று 2007-இலேயே தெரிந்திருந்தது. ஆகவே அந்தப் பொருள் தேங்குவதுதான் நோய் என்று முடிவு கட்டினார்கள். அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் பெஞ்சமின் கிராவாட் என்பவரின் ஆய்வகம் இந்த மரபணு இல்லாத எலிகளை வளர்த்து, மூளையில் உண்மையில் என்ன தேங்குகிறது என்று அளந்து பார்த்தது. நினைத்த பொருள் ஏறவே இல்லை. தேங்கிக் கிடந்தது லைசோ பாஸ்பாட்டிடில் செரின். எலிகளுக்குக் காது மந்தமாவதற்கும் நடை தடுமாறுவதற்கும் முன்பே அது ஏறியிருந்தது. இது 2013-இல் வெளியானது.

காமத்தும் அந்த ஆய்வகத்தில் வேலை செய்தவர். அதற்கு முன் டெக்சாஸில் ஃபிராங்க் ரௌஷலிடம் முனைவர் பட்டத்துக்கு அவர் படித்த விஷயம் கடற்கரைக்காரர்களுக்குப் பிடிக்கும். கடல்நீரில் பாஸ்பரஸ் கிடைக்காமல் தவிக்கும் பாக்டீரியா, கார்பனோடு இறுகப் பிணைந்திருக்கும் பாஸ்பரஸைப் பிடுங்கித் தின்னும். அப்போது மீத்தேன் வாயு வெளியேறும். அந்தப் பிணைப்பை வெட்டும் நொதி எப்படி வேலை செய்கிறது என்பதில் இவருக்குப் பங்கு உண்டு. அங்கே நொதிகளைப் படித்த கையோடு லிப்பிடுக்கு வந்தார். 2015-இல் கிராவாட் குழுவோடு அவர் வெளியிட்ட கட்டுரையில், லைசோ பாஸ்பாட்டிடில் செரினை உண்டாக்கும் நொதி ஏபிஹெச்டி16ஏ என்று காட்டினார்கள். அதாவது கயிற்றைச் சுண்டுகிற கை ஒன்று, தளர்த்துகிற கை ஒன்று. சுண்டுகிற நொதியைத் தடுத்தால் எதிர்ப்புச் செல்களின் அழற்சிச் சேதி குறைந்தது; தளர்த்துகிற நொதி இல்லாவிட்டால் கூடியது.

இந்தியா திரும்பிய பிறகு அவருடைய புனே குழு 2019-இல் இன்னொன்று கண்டது. சாளைக் கருவாடு நாளானால் காறிப்போகும், தெரியும்தானே? மீனெண்ணெயைக் காற்றின் ஆக்சிஜன் தாக்குவதால் வருவது. நம் செல்களுக்குள்ளும் பாஸ்பாட்டிடில் செரின் இப்படி ஆக்சிஜனேற்றமாகிக் கெட்டுப்போவது உண்டு. அந்தக் கெட்ட சரக்கை வெட்டி ஒதுக்குவதும் இதே ஏபிஹெச்டி12. ஃபார்க் நோய்க்கு இன்றுவரை குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மருந்து தேடுபவர்களுக்கு அதுவே பெரிய உபகாரம்.

பாடம் இவ்வளவுதான். படிக்கும்போது எனக்குத் தூக்கம் போன காரணத்தை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மூன்றாவது பெஞ்சு. கேள்வி ஒன்று கேட்டால் சம்பந்தமில்லாமல் ஒரு பதில் சொல்வான், வகுப்பே சிரிக்கும். சாயங்கால ஸ்பெஷல் கிளாஸில் பெஞ்சிலும் கதவிலும் முட்டிக்கொள்வான். போர்டைப் பார்த்துத் தப்புத் தப்பாக எழுதுவான். வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்தேன். ஒருநாள் எல்லோர் முன்னாலும், "உனக்குக் கொழுப்பு ஏறிப்போச்சுல" என்று திட்டி வெளியே நிற்க வைத்தேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

நாலைந்து வருடம் கழித்து மீன் மார்க்கெட்டில் அவன் அம்மாவைப் பார்த்தேன். "காது நரம்பும் கண் நரம்பும் ரெண்டும் போகுதுன்னு மதுரையில சொல்லிட்டாங்க டீச்சர். சின்னதுலருந்தே ராத்திரியில தெரியாது போல, எங்களுக்குத்தான் புரியல" என்றார். அந்த அம்மாவுக்கும் வீட்டுக்காரருக்கும் சொந்தத்தில் கல்யாணம். அத்தை மகன், மாமன் மகள்.

அவனுக்கு ஃபார்க்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. காதும் கண்ணும் சேர்ந்து கெடும் நோய்கள் பல. அஷர் என்பது அதில் அதிகம் காணப்படுவது. நான் சொல்வது என்னைப் பற்றி. அந்த ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஊகத்தை நம்பி நிற்கவில்லை, அளந்து பார்த்தார்கள். நான் அறிவியல் டீச்சர். அவன் காதருகே ஒரு தடவை மெதுவாகப் பேசிப் பார்த்திருந்தால் போதும். அதைக்கூடச் செய்யாமல் கொழுப்பு என்றேன்.

ஆசிரியர்களாக இருக்கிற என் பிள்ளைகளே, திட்டுவதற்கு முன் காதைச் சோதியுங்கள், கண்ணைச் சோதியுங்கள். இருட்டில் முட்டிக்கொள்ளும் பிள்ளையை டாக்டரிடம் அனுப்புங்கள்.

சொந்தக்காரர்களுக்கு ஒன்று. இப்படிப்பட்ட நோய்கள் வர, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் சேர வேண்டும். ஒரே ஒரு பழுது இருப்பவர் நலமாக இருப்பார், அவருக்கே தெரியாது. ஒரே தாத்தா பாட்டி வழி வந்த இருவர் கல்யாணம் செய்தால் இருவரிடமும் அதே பழுது இருக்க வாய்ப்பு கூடுதல். இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு. சொந்தத்தில் கட்டிய எல்லோருக்கும் வரும் என்று பயமுறுத்தவில்லை. நம் வீட்டிலேயே நன்றாக இருக்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் சின்ன வயதிலேயே காதோ கண்ணோ போனவர் இருந்தால், நிச்சயம் பண்ணுவதற்கு முன் மரபணு ஆலோசனைக்குப் போங்கள். சொத்து வெளியே போய்விடும் என்று மட்டும் யோசிக்காதீர்கள்.

கடைசியாக உனக்கு, ஐயா. உன் தங்கச்சி இந்தப் பக்கத்தில் இருக்கிறாள். போனில் எழுத்தைப் பெரிதாக்கி நீயும் படிப்பாய் என்று சொன்னாள். அன்றைக்கு நான் சொன்னது தப்பு. எல்லோர் முன்னாலும் திட்டினேன், அதனால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். பதிவு நீளமாகிவிட்டது. மெதுவாகப் படி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன்.