பழமொழியும் கணக்கும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. ஆயினும், தமிழ் பயில்வோருக்குக் கணக்கு எதற்கு என வினவுவோர் இன்றும் உளர். பாடம் முடிந்து எஞ்சும் மணித்துளிகளில் நாம் மாணவரோடு ஆடும் விளையாட்டு ஒன்று அவ்வினாவுக்கு விடையாகலாம். பழமொழி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பொருளைத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்ப்பதே அவ்விளையாட்டு.

'சிறு துளி பெரு வெள்ளம்' என்பர். சரியாக மூடாத குழாயிலிருந்து நொடிக்கு ஒரு துளி விழுவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 86,400 துளிகள். 20 துளிகள் ஒரு மில்லி லிட்டர் எனின், நான்கு லிட்டருக்குச் சற்று மேல். ஓராண்டில் 1,500 லிட்டரைக் கடந்துவிடும். 15 லிட்டர் கொள்ளும் குடங்கள் நூறு நிரம்பும்! வெள்ளம் என்றது மிகையன்று.

இவ்வகை மதிப்பீட்டில் வல்லவர் இயற்பியல் அறிஞர் என்ரிக்கோ பெர்மி. 1945-இல் நியூ மெக்சிகோ பாலையில் முதல் அணுகுண்டுச் சோதனை நிகழ்ந்தபோது, அவர் காகிதத் துண்டுகளைக் கீழே விட்டார். வெடிப்பின் அலை அவற்றைத் தள்ளிய தொலைவைக் கொண்டு, அதன் ஆற்றல் 10,000 டன் டி.என்.டி.க்கு ஈடாகும் என மதிப்பிட்டார். பின்னர் அறியப்பட்ட அளவு அதனினும் இரு மடங்குக்குச் சற்று மிகுதி. காகிதத் துண்டுகளால் அவ்வளவு அருகில் சென்றதே வியப்பு.

இனி, 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பதைக் காண்போம். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 50 அரிசி எனக் கொண்டால், ஒரு கிலோவில் 50,000. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, எஞ்சிய 49,999 பருக்கைகளுக்கும் தீர்ப்பு வழங்குகிறோம்! அத்தீர்ப்பு பிழைப்பதில்லை. காரணம் யாது? ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே தீ. அகப்பை கொண்டு நன்கு கிளறியும் விட்டிருக்கிறோம். கிளறாத பானையில் அடி குழையும், மேல் வேகாது. அங்கே ஒரு சோறு பதம் சொல்லாது.

மாணவர் மனங்கொள்ள வேண்டியது இவ்விடமே. ஓர் ஊரார் ஒருவர் பொய்யுரைத்தால் அவ்வூரார் யாவரும் பொய்யர் என்றும், ஒரு சமயத்தார் ஒருவர் தவறிழைத்தால் அச்சமயத்தார் அனைவரும் அத்தகையர் என்றும் முடிவு கட்டுவோர் இப்பழமொழியையே துணைக்கு அழைப்பர். மனிதர் ஒரே உலையில் வெந்தவர் அல்லர். வளர்ப்பு வேறு, வறுமை வேறு, வாய்ப்பு வேறு. ஒருவரைக் கண்டு ஓராயிரவரை அளப்பது அறத்திற்கு மாறானது மட்டுமன்று, கணக்கிலும் பிழையானது.

பழமொழி பொய்யன்று, அது பானைக்குச் சொன்ன உண்மை.